ராஜகனி ஓடிக் கொண்டுவந்த சாலைகள்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நடுவில் யாரும் "அதெப்படி?" என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் வில்வநத்தத்துக்காரர்களே அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், எந்த எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் நிற்காத அந்த ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜகனி என்பவள், நாற்பது வயசைத் தாண்டிய பிறகு, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நடக்க ஆரம்பித்து, நடை போதவில்லை என்று ஓட ஆரம்பித்து, பள்ளிக்கூட மைதானத்தையே சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், கடைசியில் ஊர் ஊராகப் போய் அரை மராத்தான் ஓடுகிறவளாக ஆனாள். முதன்முதலாக மதுரையில் இருபத்தொரு கிலோமீட்டரையும் ஓடி முடித்து, காலில் கொப்புளமும் கழுத்தில் மெடலுமாக பஸ் பிடித்து வீடு வந்து படுத்து, மறுநாள் காலையில் முகம் கழுவப் புறவாசலுக்குப் போனால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து அவள் ஓடின சாலை ஆரம்பித்துப் போய்க்கொண்டிருந்தது.

அதே சாலைதான். அதே வேகத்தடை, அதே மேம்பாலத்து ஏற்றம், முந்தின நாள் ஓடினவர்கள் குடித்துப் போட்ட பேப்பர் கப்புகள்கூட ஓரத்தில் அப்படியே கிடந்தன. பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் முருங்கைத் தோட்டத்து வழியாக, ஒரு இலையைக்கூட அசைக்காமல், மரத்துக்கு மரமும் ரோட்டுக்கு ரோடுமாக அது பாட்டுக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, இது உங்க ரோடா?"

"ஆமாடி. நேத்து ஓடுனது. வந்துருச்சு போல."

"வந்தா வரட்டும், முருங்கைக்கு ஒண்ணும் ஆகலல்ல. ஏன் மதினி, இதுல போனா மதுரையில எங்க கொண்டு விடும்?"

இவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு மத்தியானமே சொர்ணம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போய், மதுரையில் வளையல் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்?

ராஜகனியின் வீட்டுக்காரர் தவசிலிங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைத்தெருப் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாங்குகிற குடத்திலும் தாம்பாளத்திலும் புள்ளி புள்ளியாக எழுத்தைக் கொத்திக் கொடுக்கிற வேலை. ராஜகனிக்குச் சீராக வந்த பாத்திரங்களில் பேர் வெட்டினதும் அவர்தான், மாப்பிள்ளையும் அவர்தான். அதில் ஒரு ஜோடி எவர்சில்வர் டம்ளரில் மட்டும் "ராஜகனி" என்று வெட்டி, பேருக்குப் பக்கத்தில் நாலு புள்ளியில் ஒரு குட்டிப் பூவும் வைத்து, "இந்தப் பூ உனக்கு மட்டுந்தான், கடைக்கு வர்ற எந்தப் பாத்திரத்துலயும் வைக்க மாட்டேன்" என்று அவர் சொன்னதை அவள் இத்தனை வருஷமும் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

அவள் எந்த ஊருக்கு ஓடப் போனாலும் அவரும் கூடப் போவார். முந்தின நாளே பஸ் ஏறி, நம்பர் அட்டை வாங்கி, அவள் பனியனில் ஊக்கு குத்தி விட்டு, விடியுமுன்னே கொண்டுபோய் ஆரம்பக் கோட்டில் நிறுத்திவிட்டு, முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு மஞ்சள் பையோடு நிற்பார். பைக்குள் அந்த ஜோடி டம்ளரும் ஒரு தூக்குச்சட்டி நீராகாரமும் இருக்கும். பழைய சோற்று நீச்சத்தண்ணியில் மோரை விட்டு, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளி, கடைசியில் வறுத்த ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்துத் தூவுகிற அந்தப் பக்குவம் அவருக்கு மட்டும்தான் வரும். மூச்சு வாங்க, கண்ணெல்லாம் உப்பு எரிய அவள் வந்து கோட்டைத் தாண்டினால், ஒரு டம்ளர் அவளுக்கு, ஒரு டம்ளர் அவருக்கு. கூட ஓடுகிற பெண்களெல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எங்க வீட்டு மனுஷன் எந்திரிச்சு கதவைக்கூடச் சாத்த மாட்டாருக்கா, நீங்க குடுத்து வெச்சவங்க, என்பார்கள். ராஜகனிக்கு மெடலைவிட அந்தப் பேச்சுதான் இனித்தது. பொய் எதற்கு, அவள் ஓடினதே அந்த டம்ளருக்காகத்தான்.

மதுரைக்குப் பிறகு கோயமுத்தூர் ஓடினாள், கோயமுத்தூர் ரோடு வந்தது. கொடைக்கானல் ஓடினாள், கொடைக்கானல் ரோடு வந்தது, வந்ததோடு குளிரும் வந்தது. புறவாசல் பக்கத்து வீடுகளில் தயிர் உறையவில்லை என்று பெண்கள் அவளைத் திட்டினார்கள், திட்டிவிட்டுச் சித்திரை வெயிலில் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் வந்து படுத்தார்கள். துவைக்கிற கல்லைச் சுற்றி விசிறி விரித்த மாதிரி சாலைகள் கிளம்பிப் போயின. கோயமுத்தூர் நாய்கள் வந்து உள்ளூர் நாய்களோடு சண்டை பிடித்தன. ஆட்டோக்காரர்கள் ரிப்பன் வெட்டி ஒரு ஸ்டாண்டு போட்டார்கள், அதற்கு எதிரே இன்னொரு கட்சிக்காரர்கள் இன்னொரு ஸ்டாண்டு போட்டார்கள். சாலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பிள்ளையாரும் வந்து உட்கார்ந்தார். படிக்கிற பிள்ளைகள் கோயமுத்தூர்க் காலேஜுக்கு வீட்டிலிருந்தே போய் வந்தன, தரகர்கள் கொடைக்கானல் மாப்பிள்ளை கொண்டுவந்தார்கள். இந்தச் சாலையெல்லாம் எந்த வார்டில் சேர்த்தி என்று இரண்டு கவுன்சிலர்கள் அடித்துக்கொண்டது மட்டும் கடைசிவரைக்கும் தீரவில்லை.

இதில் இரண்டு சங்கதி போகப்போகத்தான் தெரிந்தது. ஒன்று, வந்த சாலைக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. மறு வருஷம் அதே பந்தயத்தை ராஜகனி மறுபடி ஓடிக் கோட்டைத் தாண்டினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். ஒரு வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து, முந்தின வருஷம் ஓடியிருந்த திருச்சிக்குப் போகாமல் விட்டதில், திருச்சிச் சாலை அன்றைக்குக் காலையிலேயே காணாமல் போய், அதில் மாவு அரைக்கப் போயிருந்த இரண்டு பேர் மாவுத் தூக்கோடு ரயிலேறி வந்தார்கள். இன்னொன்று, அந்தச் சாலைகள் ராஜகனியின் காலை மட்டும் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும், கால் வைத்தால் வெறும் முருங்கைத் தோட்டம், முள்ளு, ஆட்டுப் புழுக்கை. ஊரே ஜாம்ஜாமென்று போகிற ரோட்டில் அவள் மட்டும் ஓரடி வைக்க முடியாமல், எந்த ஊருக்குப் போவதானாலும் பழையபடி பஸ்ஸில்தான் போனாள். "சமைக்கிறவளுக்கு எங்க பசிக்கும்?" என்று சிரித்துக்கொண்டாளே தவிர, அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

அவள் நினைக்காவிட்டால் என்ன, ஊர் அவளை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டது. முட்டை வரும், கேப்பைக்கூழ் வரும், கால் பிடித்துவிட ஆள் வரும், "சென்னை எப்ப ஓடப் போறீக?" என்ற கேள்வியும் கூடவே வரும். கால் சுளுக்கிக்கொண்டது என்று அவள் நொண்டினால் கடைத்தெருவே முகத்தைத் தொங்கப்போட்டது. தன் மேல் ஊருக்கு இவ்வளவு பாசமா என்று அவள் உருகிப்போனாள், பைத்தியக்காரி.

பிறகு அவள் பாண்டிச்சேரியில் ஓடினாள். மறுநாள் கடற்காற்றோடு சாலை வந்தது, ஒரே மாசத்தில் புறவாசல் கதவுக்கொண்டி உப்பேறித் துருப்பிடித்தது. ஊர் சனமெல்லாம் சாயங்காலமானால் கடல் பார்க்கக் கிளம்பியது. தவசிலிங்கமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மீன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். நல்ல மீன்தான் கொண்டுவந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். பளபளவென்று வஞ்சிரமும் சங்கராவும், அவரே ஆய்ந்து, அவரே கழுவி. வாரத்துக்கு ஒரு தடவை மீன் என்பது இரண்டு தடவை ஆனது, பிறகு வெள்ளி செவ்வாய் என்றுகூடப் பார்க்காமல் மீன் வந்தது. மீன் வாங்கப் போனவர் சில நாள் மறுநாள்தான் வந்தார். எதிர்க்காற்று, சைக்கிள் மிதிக்க முடியவில்லை என்றார். கடற்கரையில் காற்று அடிக்காமலா இருக்கும்? அவள் நம்பினாள்.

அந்த வருஷம் நடுவில்தான் ஜோடி டம்ளரில் ஒன்று காணாமல் போனது. ராஜகனி அழுதே விட்டாள். பரண், அடுப்படி, நெல்லுப்பானை, சத்துணவுக் கூடத்து அலமாரி என்று தேடாத இடமில்லை. அவளோடு சேர்ந்து தவசிலிங்கமும் தேடினார். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து, தரையோடு தரையாகப் படுத்து, ஒட்டடை தலையில் அப்ப, அரை நாள் தேடினார். "விடு புள்ள, நான் வேற வெட்டித் தாரேன்" என்று கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் தேடினதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அப்போது அப்படித்தான் நிறைந்தது.

வருஷம் திரும்பி மறுபடி பாண்டிச்சேரிப் பந்தயம் வந்தது. அவளும் அவரும் வழக்கம்போல முந்தின நாளே பஸ்ஸில் போனார்கள். பாண்டிச்சேரிச் சாலை இல்லாமல் இருக்கவே முடியாது என்று ஆகிவிட்ட வில்வநத்தத்துக்காரர்கள், அவள் ஓடி முடிப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று, விடியக்காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, சிலர் அடுப்பில் உலையைக்கூட வைத்துவிட்டு, அந்தச் சாலை வழியாகவே பொடிநடையாகவும் ஆட்டோவிலும் வந்து, முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் தவசிலிங்கத்தைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள்.

நன்றாகத்தான் ஓடினாள். பாதி தாண்டி, கடற்கரை தாண்டி, கால் நம் பேச்சைக் கேட்காமல் தானாகப் போய்க்கொண்டிருக்கும் அந்தக் கடைசிப் பகுதியில், ஒரு தெரு திரும்பினதும், நீலக் கதவு போட்ட வீட்டு வாசலில் முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருத்தி ஸ்டூல் போட்டுப் பானை வைத்து, ஓடுகிறவர்களுக்கெல்லாம் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பேர் இந்தக் கதைக்கு வேண்டாம். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. பேப்பர் கப்பு தீர்ந்துபோய் உள்ளே ஓடி ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து, அதில் மொண்டு ராஜகனியிடம் நீட்டினாள்.

"நின்னு குடிங்கக்கா. பொறை ஏறிக்கப் போவுது."

முதல் வாயிலேயே ஓமம் தெரிந்தது. வறுத்து, உள்ளங்கையில் தேய்த்த ஓமம். யாரோ நம்ம ஊர்ப்பக்கத்துக்காரி போல என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது வாய் குடிக்கும்போது, டம்ளரைப் பிடித்திருந்த விரலில் புள்ளிகள் தட்டுப்பட்டன. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே விரல் படித்துவிட்டது. பேரும் முடிந்து, பேருக்குப் பக்கத்தில் நாலு புள்ளிப் பூவும் விரலுக்குக் கிடைத்தது.

"இது யாரு பேரும்மா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரோட மொத சம்சாரம் பேருக்கா. தவறிட்டாங்களாம். உங்கள மாதிரியேதான் ஓடுவாங்களாம், ஓடும்போதே உசுரு போயிடுச்சாம், பாவம். இன்னிக்கு வெளிய வராதேன்னுதான் அவரு போன வாரமே சொல்லிட்டுப் போனாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. ஓடுறவங்களுக்கு ஒரு வாய் குடுத்தா அந்தப் புண்ணியவதி ஆத்மா குளிருமேன்னு." அவள் ராஜகனியின் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாக்கா? ஒரு மாதிரி இருக்கீங்களே."

"போதும்மா, குளுந்துருச்சு" என்றாள் ராஜகனி. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

அந்த மிச்சத் தூரத்தை அவள் எப்படி ஓடினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. டார்ச் அடித்துத் தேடினாரே, டார்ச் அடித்துத் தேடினாரே என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனசு அதையே சொன்னது. கட்டிலுக்கடியில் படுத்தாரே, தலையில் ஒட்டடை அப்பியிருந்ததே, நான்தானே தட்டிவிட்டேன். தன் காலால் ஓடிப் போட்ட ரோடு, தன்னைத் தவிர எல்லார் காலையும் தாங்கின ரோடு, அவரைக் கொண்டுபோய் அந்த நீலக் கதவில் விட்டிருக்கிறது. அப்போதுதான் இன்னொன்று பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. அந்த வீடு ரோட்டு மேலேயே இருக்கிறது. ஊரே நடக்கிற ரோட்டில்.

கோடு தெரிந்தது. மைக்கில் ஒருவன் "வாங்கம்மா, வாங்க, வாங்க!" என்று கத்தினான். ஊர் சனம் கைதட்டியது. எல்லாருக்கும் முன்னால் மஞ்சள் பையோடு தவசிலிங்கம், ஜோடியில் மிச்சமிருந்த டம்ளரில் நீராகாரத்தை ஊற்றி நீட்டியபடி நின்றார். ராஜகனி ஓடிவந்து, கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கம் நின்றாள். நின்று, கையிலிருந்த டம்ளரை அவருக்குத் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள்.

அவர் நீட்டின கை நீட்டினபடியே நின்றது.

"என்னங்க," என்றாள். மூச்சு இரைத்தது. "நான் எப்பங்க செத்தேன்?"

"ராசகனி, இந்தா பாரு, மொத உள்ள வா. எதுனாலும் வீட்டுல போயிப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுல?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முட்டை கொடுத்தவர்கள், கூழ் கொடுத்தவர்கள், கால் பிடித்துவிட்டவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், இரண்டு கவுன்சிலர்களும்கூட.

"நீங்கள்லாம் தெனம் அந்த வழியாத்தான வந்து போறீக? யாருமே பாக்கலயா?"

ஒருவன் செல்போனைப் பார்த்தான், ஒருத்தி சேலை முந்தானையில் எதையோ தேடினாள். அவர் அந்த வாசலில் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்ததைப் பார்த்தவர்கள்தான் எல்லாரும், பார்த்து, "என்ன தவசி, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டும் போனவர்கள்தான்.

"ஏ சொர்ணம், நீயுமாடி?"

சொர்ணம் அழுதுகொண்டே முன்னால் வந்தாள். "சொல்லணும்னுதான் மதினி நெனச்சோம். சாமி சத்தியமா. சொன்னா நீங்க மனசு ஒடஞ்சு ஓடுறத விட்டுருவீகளோன்னு எல்லாரும் பயந்துட்டோம்."

"ஓட்டத்த எதுக்குடி விடப் போறேன்?" என்றாள் ராஜகனி. "அவரத்தானடி விட்டுருப்பேன்."

யாரோ விம்மினார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் சொர்ணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோட்டைப் பார்த்து, ராஜகனியின் காலைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாளே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு எட்டுத்தான மதினி பாக்கி. அத மட்டும் வெச்சுட்டுப் பேசுங்களேன்."

ராஜகனி கோட்டுக்கு மேலாகக் கையை மட்டும் நீட்டி, தவசிலிங்கத்தின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அதில் இருந்ததைத் தரையில் கொட்டினாள். தன் டம்ளர் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு, பக்கவாட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து வெளியே போனாள். மைக்குக்காரன் "அம்மா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று கடைசிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் வந்த சாலை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு டீக்கடையும் ஒரு போஸ்டர் ஒட்டின சுவரும்தான் இருந்தன. ஆட்டோவில் வந்தவர்கள் ஆட்டோவை நிறுத்தியிருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்கள், உலை வைத்துவிட்டு வந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். தவசிலிங்கம் நீலக் கதவுத் தெருப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அங்கே கதவு திறந்ததா என்று யாரும் வந்து சொல்லவில்லை.

விழுப்புரத்தில் நின்ற திருநெல்வேலி பஸ்ஸில் ராஜகனி முதல் ஆளாக ஏறி, இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே வில்வநத்தமும் ஏறியது. அந்த ஒரு சீட்டைத் தவிர ஏற்கெனவே நிறைந்திருந்த பஸ் அது. கவுன்சிலர்கள் முதற்கொண்டு எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதாயிற்று. காலியாக இருந்தது அவள் பக்கத்துச் சீட்டு ஒன்றுதான். அதில், துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அவள் அந்த ஜோடி டம்ளரை வைத்திருந்தாள்.

திருச்சியில் ஒரு பெரியவர் கேட்டார், மதுரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கேட்டான். அந்தப் பெண்ணுக்காக மட்டும் அவள் எழுந்து தன் ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு, டம்ளருக்குப் பக்கத்தில் நின்றாள், அவர்கள் அடுத்த ஊரில் இறங்கினதும் மறுபடி உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. சொர்ணம் மட்டும் வழி பூராவும் அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு வந்தாள். விருதுநகர் தாண்டி, வெயில் சாய்ந்து, கரிசல் காடு ஜன்னலில் வர ஆரம்பித்தபோது, அவளால் முடியவில்லை.

"மதினி," என்றாள். "கால் கடுக்குது. உக்காந்துக்கிடட்டுமா?"

ராஜகனி சீட்டைப் பார்த்தாள். பேரும் பூவும் தெரிகிற மாதிரி டம்ளரை லேசாகத் திருப்பி வைத்தாள்.

"ஆள் வருது" என்றாள்.